சொல்லிட்டா அடிப்பான்?

இன்று தற்காப்புக் கலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பையைத் திறந்து பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். பல்லுக்கு ரப்பர் காப்பு, விரல் மூட்டுகளை மூடும் கையுறை, கணுக்காலுக்குத் திண்டு, நெஞ்சுக்குக் கவசம், தலைக்குப் பஞ்சு வைத்த உறை. நாங்கள் கம்பு பிடித்த காலத்தில் இதில் எதுவும் கிடையாது. வரிந்து கட்டிய வேட்டி, ஒரு பனியன், நெற்றி மட்டத்துக்கு ஒரு மூங்கில் கம்பு, அவ்வளவுதான். ஆனாலும் நாங்கள் வாரம் தவறாமல் ஒருவரோடு ஒருவர் மோதினோம். இத்தனையும் வைத்திருக்கிற இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வருஷக்கணக்கில் யாரோடும் உண்மையாக மோதாமலே அடுத்தடுத்த நிற பெல்ட்டைக் கட்டிக்கொள்கிறார்கள். அடிபடாமல் மோத வழி பிறந்த காலத்தில் மோதலே நின்றுபோயிருக்கிறது. இது எனக்கு ஆறவே இல்லை.

எழுபதுகளின் கடைசி. தாமிரபரணிப் பக்கம் எங்கள் ஊர். அறுவடை முடிந்து களத்துமேடு காலியானதும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சிலம்பம் நடக்கும். வாத்தியார் பகலில் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். வெற்றிலை பாக்கு வைத்து, கம்பைத் தொட்டுக் கும்பிட்டுச் சேர்ந்தால், முதலில் கம்பே கைக்கு வராது. காலடிதான். முன் வைத்து, பின் வாங்கி, திரும்பி, மறுபடி முன் வைத்து, மண்ணில் பாதம் பதிந்து பள்ளம் விழுகிற வரைக்கும் காலடி. பிறகு சலாம் வரிசை, ஒற்றை வீச்சு, இரட்டை வீச்சு, வெட்டு, குத்து, வாரல். ஒரு வரிசை கைக்குப் பழகியதும் பிள்ளைக்கு ஒரு மிதப்பு வரும். கம்பு காற்றை அறுக்கிற சத்தமே ஒரு போதை. அந்தச் சமயம் பார்த்து வாத்தியார் ஜோடி சேர்த்துவிடுவார்.

இரண்டு கம்பின் நுனியிலும் பழந்துணியைச் சுற்றி, அடுப்புக்கரியைத் தண்ணீரில் குழைத்துத் தடவுவார்கள். இருவரும் வெள்ளைப் பனியன் போட்டிருக்க வேண்டும். வாத்தியார் கைதட்டினால் ஆரம்பம். எதிராளியின் உடம்பில் கரி பட வேண்டும், நம் உடம்பில் படக் கூடாது. தொடுமுறை என்று பேர். முடிந்ததும் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு பனியனையும் வாத்தியார் நிதானமாகப் படிப்பார். “தோள்ல ஒண்ணு. விலாவுல ரெண்டு. இது என்ன, முதுகுலயா? முதுகைக் காட்டுனா எப்படிலே?” கரி பொய் சொல்லாது. ‘நான் தடுத்தேன்’ என்று யாரும் வாதாட முடியாது.

அந்த மோதலில் இறங்கிய முதல் நொடியே கற்ற வரிசை முழுவதும் காணாமல் போய்விடும். அதுவரை அழகாகச் சுழன்ற கம்பு முறைப்பாக நிற்கும். பிடி இறுகும், மூச்சு அடைபடும், கண் எதிராளியின் கம்பு நுனியிலேயே ஒட்டிக்கொள்ளும். அவன் கால் எங்கே போகிறது என்று தெரியாது. பத்து வகை அடி கற்றவனுக்கு அங்கே கைவசம் மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான். அந்த ஒன்றிரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் மோதி மோதித்தான் மூன்றாக, நான்காகப் பெருக்க வேண்டும். வரிசை என்பது கையில் இருக்கிற பணம் மாதிரித் தோன்றும். மோதலில் இறங்கினால்தான் அதில் எவ்வளவு செல்லும் என்று தெரியும்.

வாத்தியார் அதோடு விடுவதில்லை. தண்ணீர்ப் பானைக்குக் குனிகிறபோது பின்னாலிருந்து ஒரு தட்டு விழும். தட்டு லேசானதுதான், அதிர்ச்சிதான் பெரியது. யாராவது முறைத்தால், “ஏலே, எதிராளி உனக்குச் சொல்லிட்டா அடிப்பான்?” என்பார். நடுவில் ஒருவனை நிறுத்தி, சுற்றி நிற்கிற பொடியன்களை மண்ணாங்கட்டி எறியச் சொல்வார். கம்பைச் சுழற்றித் தட்டிவிட வேண்டும். எந்தப் பக்கம் இருந்து வரும் என்று தெரியாது. இன்று இந்தத் துறையில் எதிர்பாரா நெருக்கடியில் ஒருவன் தேறுகிறானா என்று பார்க்கும் பயிற்சிக்கு எவ்வளவோ ஆங்கிலப் பேர்கள் வந்துவிட்டன. பள்ளிக்கூடம் பார்க்காத அந்த மனிதர் அதன் சாரத்தைக் கரியிலும் மண்ணாங்கட்டியிலும் வைத்திருந்தார்.

அவரைப் பற்றி நெகிழ்ந்து எழுதுவது எனக்குச் சுலபம். ஆனால் அந்தக் களத்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். என்னோடு சேர்ந்த ஒருவனுக்குச் சுண்டுவிரல் ஒடிந்து, கோணலாகவே கூடிவிட்டது. இன்னொருவனுக்குப் புருவம் கிழிந்தது, மஞ்சளை அப்பிக்கொண்டு மறுநாள் வந்தான். அதற்கடுத்த வாரம் வரவில்லை. பயந்த சுபாவக்காரர்கள், ஒல்லியானவர்கள், வீட்டில் ‘கை ஒடிஞ்சா வேலைக்கு யார் போறது’ என்று கேட்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். கடைசியில் நின்றவர்கள் ஏற்கெனவே தைரியமும் உடம்பும் உள்ளவர்கள். அவர்களைக் காட்டி ‘பார், எங்கள் பயிற்சி எப்பேர்ப்பட்டது’ என்று ஊர் பெருமைப்பட்டது. யாருக்குத் தற்காப்பு உண்மையில் தேவையோ, அவர்களை அந்தப் பயிற்சியே வெளியே அனுப்பிவிட்டது. பெண் பிள்ளைகளுக்கோ களத்துமேட்டுப் பக்கம் வரவே அனுமதி இல்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை. அங்கே ஒரே ஒரு பொன் இருந்தது: எதிரே நிற்கிறவன் உனக்கு ஒத்துழைக்க மாட்டான் என்ற விதி.

பிறகு கராத்தே வந்தது. எண்பதுகளில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு டவுனிலும், புரூஸ் லீ படம் போட்ட தியேட்டருக்கு நாலு தெரு தள்ளி ஒரு கராத்தே போர்டு தொங்கியது. நான் வேலை தேடித் திருநெல்வேலிக்குப் போய் அங்கே ஒன்றில் சேர்ந்தேன். வெள்ளை உடுப்பு, வரிசை, ஒழுங்கு, எண்ணிக்கை எல்லாம் எனக்குப் பிடித்தன. மாஸ்டர் உழைப்பாளி. ஆண்டு விழாவில் ஓடு உடைப்போம், ஐஸ் கட்டி உடைப்போம், ஒருவர் கைமேல் மோட்டார் சைக்கிள் ஏறும். கூட்டம் விசில் அடிக்கும். மோதல் என்று அங்கே இருந்தது முன்கூட்டியே பேசிவைத்த மோதல். ஒருவன் ஓரடி முன்னே வந்து குத்துவான். மற்றவன் தடுத்துத் திருப்பிக் குத்துவான். குத்தியவனின் கை அங்கேயே அந்தரத்தில் நிற்கும், மற்றவன் தன் வேலைகளை ஒவ்வொன்றாக முடிக்கிற வரைக்கும். களத்துமேட்டில் யாரும் நீட்டிய கம்பை அப்படி நிறுத்தி வைத்ததில்லை. நீட்டிய வேகத்தைவிட இழுக்கிற வேகம் அதிகம். அந்தரத்தில் நின்ற அந்தக் கைதான் என்னை உறுத்தத் தொடங்கிய முதல் பொருள்.

கராத்தேக்குள்ளேயே இந்த வழக்கு பழையது என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஒகினாவாவிலிருந்து ஜப்பானின் பெரிய தீவுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன ஃபுனாகோஷி கிச்சின், தனித்து ஆடும் ‘கத்தா’வைத்தான் உயிராக மதித்தார். கட்டற்ற மோதலில் அவருக்கு விருப்பமில்லை. அவருடைய பல்கலைக்கழக மாணவர்களுக்கோ மோதிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. 1957-இல் அவர் காலமான அதே வருஷம் ஜப்பான் கராத்தே சங்கம் முதல் அகில ஜப்பான் போட்டியை நடத்தியது. அடி படுவதற்கு முன் கையை நிறுத்த வேண்டும் என்பது அங்கே விதி. அது போதாது என்று ஒயாமா மசுதாட்சு தனி வழி போனார். அவருடைய கியோகுஷின் மரபு 1969-இல் நடத்திய திறந்த போட்டியில் முழு வேகத்தில் அடிக்கலாம், ஆனால் முகத்தில் கையால் குத்தக் கூடாது. இரண்டு விதிகளும் இரண்டு விதமான வீரர்களை உருவாக்கின. எதை மோதிப் பார்க்கிறோமோ அது வளர்கிறது. எதை விலக்கி வைக்கிறோமோ அது கைவிட்டுப் போகிறது. முகக்குத்து இல்லாமல் பழகியவர்கள் கையைத் தாழ்த்தி நிற்கப் பழகினார்கள். தொடாமல் நிறுத்தப் பழகியவர்களுக்கு அடி வாங்கி நிற்கிற பழக்கம் வரவில்லை. குறையில்லாத விதி என்று ஒன்று கிடையாது. நம் விதி எதை மறைக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் என்று நான் கையெடுத்துக் கும்பிடுகிற மனிதர் கானோ ஜிகோரோ. 1882-இல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில் 12 பாய் விரித்த அறையில், 9 மாணவர்களோடு கோடோகான் கூடத்தைத் தொடங்கினார். பழைய ஜூஜுத்ஸு மரபுகளில் கண்ணைக் குத்துவது, விரலை ஒடிப்பது எனக் கொடிய உத்திகள் ஏராளம். கொடியவை என்பதாலேயே அவற்றை முழு பலத்தோடு பழக முடியாது. பழகினால் மறுநாள் பழகுவதற்கு ஆள் இருக்காது. கானோ அவற்றைக் ‘கத்தா’வுக்குள் பத்திரமாக வைத்துவிட்டு, தூக்கி எறிவதையும் பிடித்து அமுக்குவதையும் தனியே எடுத்தார். விழக் கற்றுக்கொடுத்தார். தோற்றவன் தட்டினால் விட்டுவிட வேண்டும் என்று வைத்தார். பிறகு, முழு பலத்தோடு மோதுங்கள் என்றார். ‘ரந்தோரி’ என்பது அந்தப் பயிற்சி. ஆபத்தானதை எடுத்துவிட்டதால் அந்தக் கலை பலவீனப்பட்டிருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது நேர்மாறு. தினமும் எதிர்க்கிற ஆளோடு பழகியவன் கைக்குச் சாதாரண உத்திகூட இரும்பாகியது. கொல்லும் உத்தியைக் காற்றிலேயே பழகியவனுக்குத் தேவைப்பட்ட நேரத்தில் எதுவும் கைக்கு வரவில்லை.

கோடோகானில் பழகிய மயேதா மிட்சுயோ 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவர் கற்றுக்கொடுத்தது கிரேசி குடும்பத்தின் கைக்குப் போய்ப் பிரேசிலிய ஜூஜுத்ஸுவாக வளர்ந்தது. 1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் பல கலைக்காரர்களை ஒரே கூண்டுக்குள் விட்ட முதல் யுஎஃப்சி போட்டியில், அந்தக் குடும்பத்தின் ஒடிசலான பிள்ளை ஹாய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை அடக்கி ஜெயித்தார். அந்த வீடியோ கேசட்டை நான் பார்த்தது ரொம்பப் பின்னால். பார்க்கும்போது என் மனசில் ஓடியது எங்கள் வாத்தியாரின் குரல்தான்.

நான் ஜூடோ பழகியது சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு. முதல் நாள் என் உடுப்பின் கழுத்தையும் கைப்பட்டையையும் ஒரு வயதான போலீஸ்காரர் பற்றினார். என்னைவிட எடை குறைந்தவர். நான் தள்ளினேன், அவர் இடம் கொடுத்தார். நான் இழுத்தேன், கூடவே வந்தார். வந்த வேகத்திலேயே என் கால் தரையில் இல்லை. பாயில் முதுகு அறைந்த சத்தம் கேட்டது. வலி இல்லை, ஏனென்றால் விழுகிற நொடியில் என் கைப்பட்டையை அவர் மேலே இழுத்துப் பிடித்திருந்தார். “எந்திரிங்க தம்பி, இன்னொரு தடவை” என்றார். இரண்டு பேரும் முழு பலத்தையும் போட்டோம், யாருக்கும் எதுவும் ஆகவில்லை, மறுநாளும் வந்து அதையே செய்ய முடிந்தது. களத்துமேட்டில் கிடைத்த உண்மை இங்கே ஒடிந்த விரல் இல்லாமல் கிடைத்தது. அன்றிலிருந்து நான் கற்றுக்கொடுக்கிற எதிலும் அந்த வழியைத்தான் தேடுகிறேன்.

கம்புக்கும் இந்த வழி உண்டு. ஜப்பானில் 1711-க்கும் 1715-க்கும் இடைப்பட்ட ஷோதோக்கு காலத்திலேயே நகனுமா என்ற வாள் ஆசிரியர் மூங்கில் வாளையும் கவசத்தையும் சீர்செய்து, முழு வேகத்தில் அடித்துப் பழக வழி செய்துவிட்டார். இன்றைய கெண்டோ அந்த வழியில் வந்தது. நம் மூங்கிலுக்கும் அவர்கள் மூங்கிலுக்கும் அப்படியொன்றும் தூரமில்லை.

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் அது காட்சி விளையாட்டாக மேடையேறியது. அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு இடஒதுக்கீட்டிலும் இடம் பிடித்திருக்கிறது. வாரக்கடைசிப் பயிற்சிகளில் பையன்களுக்குச் சமமாகப் பெண் பிள்ளைகள் நிற்கிறார்கள். சிறுமிகள் இரட்டைக் கம்பு சுழற்றுவதைப் பார்க்கும்போது, களத்துமேட்டுக்கு வர அனுமதி கிடைக்காத என் அக்கா தங்கைகளை நினைத்து நெஞ்சு நிறைகிறது. அதனால்தான் அடுத்ததைச் சொல்ல வலிக்கிறது. ஆயிரம் பிள்ளைகள் மைதானத்தில் நின்று மணிக்கணக்கில் கம்பு சுற்றி உலக சாதனைச் சான்றிதழ் வாங்குகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள், பானைமேல் நின்று சுற்றுகிறார்கள், தீப்பந்தம் சுற்றுகிறார்கள். அதற்கு வேண்டிய உழைப்பு சின்ன உழைப்பில்லை. ஆனால் அந்த ஆயிரம் பேரில் எத்தனை பேருடைய கம்பை எதிரே இன்னொரு கம்பு வந்து ஒரு தடவையாவது தட்டியிருக்கும்? போட்டிகளில் தொடுமுறைப் பிரிவு இருக்கிறது, தலைக்கவசம் போட்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். பல பயிற்சிக்கூடங்களில் அது போட்டிக்குப் போகிற சிலருக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது. மற்றவர்களுக்கு அலங்காரம் போதும் என்று யார் முடிவு செய்தது? அலங்காரச் சிலம்பம் ஒரு கலை, அதை அதற்காகவே ரசிக்கலாம். அதைக் கற்றுக்கொண்ட பிள்ளையிடம் ‘இனி உனக்கு எந்தப் பயமும் இல்லை’ என்று மேடையில் மைக் பிடித்துச் சொல்கிறார்களே, அது நம்பிக்கைத் துரோகம்.

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நடந்த கூட்டு வன்கொடுமைக்குப் பிறகு தற்காப்புப் பயிற்சிக்கு ஊரெங்கும் கிராக்கி வந்தது. அரசுப் பள்ளிகளில் 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் மூன்று மாதப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. அப்படிப்பட்ட வகுப்புகளுக்கு நானும் போகிறேன். என்னோடு ஜூடோ பழகிய ஒரு பெண், மாணவிகளுக்கு அக்கா, உதவிக்கு வருகிறாள். ஒரு பள்ளியில் நாங்கள் போவதற்கு முன்பே வேறொருவர் கற்றுக்கொடுத்திருந்தார். மணிக்கட்டைப் பிடித்தால் விடுவித்துக்கொள்வதை மாணவிகள் வரிசையாக நின்று செய்துகாட்டினார்கள். ஒரே தாளத்தில், ஒரே சத்தத்தில், அருமையாக இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி முன் வரிசையில் எல்லாரையும்விட நேர்த்தியாகச் செய்தாள்.

அவளுடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு, அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இந்த முறை உண்மையாகப் பிடித்தாள். பிடித்ததோடு நிற்காமல் தன் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள். பிள்ளை கற்றபடி கையைத் திருகினாள், வரவில்லை. மறுபடி அதையே திருகினாள். அப்புறம் அவள் எதுவும் செய்யவில்லை. அக்காவின் கையையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தாள். முகத்தில் நிறம் இல்லை. மூச்சு விடவில்லை என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. அக்கா உடனே விட்டுவிட்டு, தோளில் கை வைத்து, “மூச்சு விடும்மா” என்றாள். பிள்ளை சொன்னாள்: “எனக்குத் தெரியும்க்கா. ஆனா அது வரலை.”

அவள் கோழை இல்லை. திடுக்கென்று அகப்படுகிற எந்த உடம்பும் அதைத்தான் செய்யும். இதயம் படபடக்கும், விரல்களின் நுட்ப வேலை போய்விடும், பார்வை குறுகும், சிலருக்கு உடம்பே உறைந்து நிற்கும். அந்த நிலையை முதல் தடவையாகத் தெருவிலோ பூட்டிய அறையிலோ சந்திப்பதா, நம்பிக்கையான ஒரு அக்காவின் பிடியில் பாய்மேல் சந்திப்பதா என்பதுதான் கேள்வி. நாங்கள் அதே பிடியைக் கால்வாசி பலத்தில் தொடங்கினோம். இழுவை இல்லாமல், பிறகு இழுவையோடு. திருகுவது வராவிட்டால் அடுத்து என்ன என்று பழகினோம்: இழுக்கிற பக்கமே ஓரடி போய் முழங்கையை மடக்கி இடுப்போடு சேர்ப்பது, மற்ற கையால் தன் கையையே பிடித்து முழு உடம்பால் பிடுங்குவது, காலை மிதிப்பது, கத்துவது, ஓடுவது. ‘நிறுத்து’ என்று எந்த நேரமும் அவள் சொல்லலாம், சொன்ன நொடி பிடி விடும். பலம் ஏற ஏற, அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது அக்கா முழு பலத்தில் பிடித்தாள். பிள்ளை பிடுங்கிக்கொண்டு மைதானத்தின் கோடி வரைக்கும் ஓடினாள். பாதி தடவை பிடுங்க முடியாமலும் போயிற்று. அதையும் அவள் தெரிந்துகொண்டாள், தெரிந்தும் அடுத்த தடவை முயன்றாள்.

அமெரிக்காவில் 1971-லேயே மேட் தாமஸ் என்பவர் தாக்குகிற வேடம் போடும் ஆளுக்குத் தலை முதல் கால் வரை திண்டு கட்டிவிட்டு, பெண்களை முழு பலத்தில் அடிக்கவிடும் பயிற்சியைத் தொடங்கினார். நமக்கு அந்த உடை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஒத்துழைக்காத ஒரு கை போதும், அதற்குக் காசு வேண்டாம்.

கையைவிடக் கடினம் குரல். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் ஆண்டுதோறும் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். இருட்டுச் சந்தில் பாய்கிற முகமூடிக்காரனை மனசில் வைத்துத்தான் பெரும்பாலான வகுப்புகள் நடக்கின்றன. வீட்டுக்கு வந்து போகிற மாமா, ட்யூஷன் சார், பக்கத்து வீட்டு அண்ணன் ஆகியோரின் கையை எப்படி எடுக்கச் சொல்வது என்று யாரும் பழக்குவதில்லை. அதனால் எங்கள் வகுப்பில் அக்கா அந்த மாமாவாக நடிப்பாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “என்னடா கண்ணு, நல்லா வளந்துட்டியே” என்று தோளில் கை போடுவாள். பிள்ளை எழுந்து நின்று, கண்ணைப் பார்த்து, “கையை எடுங்க. எனக்குப் பிடிக்கலை” என்று அடுத்த வகுப்பறைக்குக் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். அக்கா விடமாட்டாள்: “ஏன்டா கோவிச்சுக்கிற, மாமாதானே.” பிள்ளை மறுபடி சொல்ல வேண்டும். மணிக்கட்டை ஆவேசமாகப் பிடுங்கிய பிள்ளைகளுக்கு இங்கே தொண்டை அடைக்கிறது. சிலர் சிரித்துவிடுகிறார்கள், சிலருக்குக் கண் நிறைகிறது. எங்கள் வகுப்பிலேயே அதிக நேரம் எடுத்துக்கொள்வது இதுதான். இதையும் மோதல் பயிற்சி என்றுதான் நான் சொல்வேன். எதிரே நிற்பவர் ஒத்துழைக்கவில்லை, விடாமல் அழுத்துகிறார், அதற்குள் நின்று பேச வேண்டும்.

இது வெறும் என் ஆசை இல்லை. கனடாவில் 3 பல்கலைக்கழகங்களில் முதலாண்டு மாணவிகள் 893 பேரை வைத்து சார்லீன் சென் தலைமையில் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. ஒரு பாதிப்பேருக்கு 12 மணி நேரப் பயிற்சி, மறுபாதிக்கு வழக்கமான துண்டுப் பிரசுரங்கள். தெரிந்தவரிடமிருந்து வருகிற ஆபத்தை இனங்காண்பது, மறுக்கத் தடுக்கிற தயக்கத்தைத் தாண்டுவது, குரலாலும் உடம்பாலும் எதிர்ப்பது ஆகியவைதான் பயிற்சி. ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்களின் விகிதம் பிரசுரம் வாங்கியவர்களில் 9.8 சதவீதமாக இருந்தது, பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதமாகக் குறைந்தது. குற்றம் செய்கிறவன்தான் குற்றவாளி, தப்பிக்கத் தெரியாதது யாருடைய தப்பும் இல்லை. ஆனால் 12 மணி நேரத்தில் இவ்வளவு முடியும் என்றால், நாம் மூன்று மாதத்தை ஓடு உடைப்பதில் செலவழிப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மோதல் என்றாலே தலையில் அடி என்று பெற்றோர் பயப்படுகிறார்கள், நியாயம்தான். தலைக்கவசத்தைக் காட்டி அந்தப் பயத்தைப் போக்கவும் கூடாது. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் 1984-இல் கட்டாயமான தலைக்கவசத்தை 2016 ரியோவில் ஆண்களுக்கு எடுத்துவிட்டார்கள். அது தோல் கிழியாமல் காக்கிறது, மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுப்பதில்லை. ஆகவே வளரும் பிள்ளைகளுக்குத் தலையைக் குறிவைக்கும் மோதலே வேண்டாம். பிடித்து இழுப்பதிலும், தள்ளுவதிலும், தரையில் அமுக்கி எழுந்திருப்பதிலும், துணி சுற்றிய கம்பால் உடம்பில் கரி தொடுவதிலும் முழு எதிர்ப்பு வைக்கலாம், ஆபத்து வெகு குறைவு. கத்திக்குப் பதில் ஸ்கெட்ச் பேனாவைக் கொடுத்துப் பழைய வெள்ளைச் சட்டையோடு ஒருவரை எதிர்க்கச் சொல்லுங்கள். அரை நிமிஷத்தில் சட்டை முழுக்கக் கோடு விழும். கத்திக்காரனைக் கண்டால் முதலில் ஓட வேண்டும் என்பதை அதைவிடத் தெளிவாக எந்த மாஸ்டராலும் விளக்க முடியாது.

அந்தப் பள்ளியில் பயிற்சி முடிகிற நாளில் விழா வைத்தார்கள். தலைமையாசிரியை, “சார், சிறப்பு விருந்தினர் வர்றாங்க, ஓடு உடைக்கிற மாதிரி ஏதாவது...” என்று கேட்டார். “பெற்றோரை வரச்சொல்லுங்க மேடம், வகுப்பில் செய்யறதையே செய்றோம்” என்றேன். தயங்கினாலும் ஒத்துக்கொண்டார். ஜமுக்காளம் விரித்து, மாணவிகள் ஜோடி ஜோடியாக நின்று உண்மையாகவே பிடித்தார்கள், உண்மையாகவே போராடினார்கள். பார்க்க அழகாக இல்லை. சடை அவிழ்ந்தது, துப்பட்டா விழுந்தது, சிலர் தப்பித்தார்கள், சிலரால் முடியவில்லை. மாமா வேடத்தில் அக்கா வந்து உட்கார்ந்தபோது பெற்றோர் பக்கம் சலசலப்பு நின்றது. ஒரு அப்பா எழுந்து, “இதெல்லாம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கணுமா?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அவருடைய மகளே பதில் சொன்னாள்: “ஆமாப்பா. உட்காருங்க.”

விழா முடிந்து நாற்காலி மடக்கும்போது நாலைந்து அம்மாக்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். பூக்கட்டுகிற ஒரு அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டி, “எங்க, என்னையும் ஒருவாட்டி பிடி பார்ப்போம். விட்டுக்கொடுக்காம பிடி தாயி” என்றார். அக்கா பிடித்தாள். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் அதே மைதானத்தில் அம்மாக்களுக்கும் வகுப்பு நடக்கிறது. ஜமுக்காளம் போதவில்லை, நல்ல பாய் நாலு வேண்டும்.